ஏவலும் முன்னிலையும்

இலக்கண வகுப்பில் மாணவர்கள் மிக எளிதாகக் கடந்துபோகும் இடம் ஏவல் வினை. நட, வா, திற, மூடு என்று வெறும் பகுதியாக நிற்கும் சொல்லே கட்டளையாகிவிடுவதால், அங்கே கற்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த எளிய வினைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வியங்கோளை நன்னூலார் மூவிடத்துக்கும் பொதுவாக வைக்கிறார். ஏவலோ முன்னிலைக்கு மட்டுமே உரியது. முன்னிலை என்பதைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டால், முன்னால் நிற்பவரைத்தான் ஏவ முடியும். ஏவப்படுகிறவர் ஏவுகிறவரின் முகத்தைப் பார்க்கிறார், குரலை அறிகிறார், 'நீ யார் என்னை ஏவுவதற்கு' என்று திருப்பிக் கேட்கவும் அவருக்கு இடமிருக்கிறது.

முன்னால் நில்லாத ஒன்றை ஏவுவதற்கு மனிதன் கற்றுக்கொண்டு நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. எங்கோ ஓரிடத்திலுள்ள சர்வரிலிருந்து வலையமைப்பின் வழியே சில எண்களை அனுப்பினால் நூறு மைலுக்கு அப்பால் ஒரு விசை திரும்புகிறது, ஒரு மோட்டாரின் வேகம் மாறுகிறது, ஒரு நகரத்தின் மின்சாரம் நிற்கிறது. பொறியியல் நூல்கள் இதை வசதிகள் பெருகிய வரலாறாக எழுதியிருக்கின்றன. அதில் தவறில்லை. ஆனால் அந்த வரலாற்றுக்குள் இன்னோர் இழை ஓடுகிறது. ஏவல் சரியாகக் காதில் விழுந்ததா என்று கேட்க எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தோம். ஏவுவது யார் என்று கேட்க நெடுங்காலம் கற்றுக்கொடுக்கவே இல்லை.

வியப்பு என்னவென்றால், இத்துறையின் முதல் மனிதர் அதைப் பற்றி யோசித்திருந்தார். 1898-இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா ஒரு சிறு படகைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் கம்பியில்லாமல் ஓட்டிக்காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தூரத்திலிருந்து வரும் மின்காந்த அலையின் ஒவ்வொரு துடிப்புக்கும் படகின் சுக்கானை இயக்கும் பொறி ஒரு படி நகரும். அவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் அலையை வேறொருவரும் அனுப்பலாமே? டெஸ்லாவுக்கு அந்த ஐயம் எழுந்திருக்கிறது. 1900-இல் விண்ணப்பித்து 1903-இல் அவர் பெற்ற இரு காப்புரிமைகளில், வெவ்வேறு அலைவரிசைகளில் வரும் சைகைகள் ஒன்றுசேர்ந்தால் மட்டுமே கருவி இயங்கும்படியான ஓர் அமைப்பை விவரிக்கிறார். பல எண்களைச் சரியாகத் திருப்பினால் மட்டும் திறக்கும் பெட்டிப் பூட்டைப் போல. பிறரது குறுக்கீட்டைத் தடுப்பது, செய்தியை மறைவாக வைப்பது இரண்டுமே அவர் நோக்கங்களாக இருந்தன. அந்த யோசனை அடுத்த தலைமுறைத் தொழிற்சாலைக்குள் போய்ச் சேரவில்லை.

போய்ச் சேராததற்குக் காரணம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மின்நிறுவனங்கள் ஆளில்லாத துணைமின் நிலையங்களைத் தொலைவிலிருந்து இயக்கத் தொடங்கியபோது, தானியங்கித் தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட ரிலேக்களையும் தெரிவுப் பொறிகளையுமே கைக்கொண்டன. கம்பிகள் அந்தந்த நிறுவனத்துக்கே சொந்தம். அவற்றின் மறுமுனையில் இருந்தவர் சம்பளம் வாங்கும் ஊழியர். அவர்களுடைய எதிரி திருடனல்ல. இடியும் மின்னலும் பழைய கம்பியின் கரகரப்பும்தான். 'மூடு' என்று அனுப்பியது 'திற' என்று போய்ச் சேர்ந்துவிட்டால் ஆட்கள் சாவார்கள். ஆகவே மிக நேர்த்தியான ஒரு வழக்கத்தை உருவாக்கினார்கள். முதலில் எந்த பிரேக்கரை இயக்கப்போகிறோம் என்று தெரிவுசெய்து அனுப்புவது. அந்தப் பெயரையே கருவி திருப்பி ஒப்புவிப்பது. அது சரியாக இருந்தால்தான் 'இயக்கு' என்ற இரண்டாவது செய்தியை அனுப்புவது. இன்றைய மின்கட்டமைப்பின் வலைமொழிகளிலும் இந்த ஈரடுக்கு வழக்கம் தொடர்கிறது. ஆசிரியர் சொல்ல மாணவர் ஒப்புவிக்கும் பழைய திண்ணைப் பள்ளி முறைதான் இது. பாடம் பிசகாது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் ஆசிரியர்தானா என்பது இந்த முறையில் கேள்வியே அல்ல.

இரைச்சலுக்கு அஞ்சியவர்கள் பொய்க்கு அஞ்சவில்லை என்பதற்கு மாட்பஸ் என்ற மொழியைப் போலத் தெளிவான சான்று வேறில்லை. டிக் மார்லியும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவில் 1960-களின் இறுதியில் உருவாக்கிய கட்டுப்பாட்டுக் கணினி, தொழிற்சாலைச் சுவர்களை அடைத்துக்கொண்டிருந்த ரிலே அலமாரிகளுக்கு மாற்றாக வந்தது. அவர்களுடைய மோடிகான் நிறுவனம் 1979-இல், அந்தக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக மாட்பஸை வெளியிட்டது. எந்தப் பொறியாளரும் ஒரே பிற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடிய மொழி. ஒரு விசையைப் போடு என்ற ஏவலுக்கு எட்டு பைட் போதும். முதல் பைட் எந்தக் கருவிக்கு என்பதைச் சொல்கிறது. அடுத்தது என்ன வினை என்பதை. 5 என்றால் ஒற்றை விசையை இயக்கு, 6 என்றால் ஒரு பதிவேட்டில் இந்த எண்ணை எழுது. அடுத்த இரண்டு பைட் எந்த விசை. அதற்கடுத்த இரண்டு, போடுவதா அணைப்பதா. கடைசி இரண்டும், வழியில் ஏதாவது சிதைந்திருந்தால் கண்டுபிடிப்பதற்கான கணக்கு. போடு என்பதற்கும் அணை என்பதற்கும் இரண்டே இரண்டு மதிப்புகள்தாம் செல்லும். வேறு எதுவும் வந்தால் கருவி மறுத்துவிடும். எவ்வளவு கவனம் பாருங்கள்! அந்த எட்டு பைட்டில் எழுவாய் மட்டும் இல்லை. யார் சொல்கிறார் என்பதற்கு ஓர் இடமும் ஒதுக்கப்படவில்லை.

இதைப் பொறியாளர்களின் அசட்டை என்று இன்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கம்பி ஆலையின் மதிலுக்குள் ஓடியது. அதைத் தொடக்கூடியவர் வாயில் காவலரைத் தாண்டி வந்தவர். 'நீ யார்' என்ற கேள்வியை வாயிலிலேயே ஒரு மனிதர் கேட்டு முடித்துவிட்டார். எந்திரம் மறுபடி கேட்க வேண்டியதில்லை. 1999-இல் அதே வாக்கியத்தை அப்படியே எடுத்து இணைய நெறிமுறைக்குள் பொதிந்தபோதுதான் நிலைமை மாறியது. மதில் போய்விட்டது. வாக்கியம் மாறவில்லை. இடையில் ஒரு செய்தி: அந்த மொழியில் ஏவுகிற கருவிக்கு ஆண்டான் என்றும் பணிகிற கருவிக்கு அடிமை என்றும் நாற்பதாண்டுகள் பெயர் வழங்கியது. 2020-இல் அப்பெயர்களைக் கைவிட்டார்கள். பெயர் மாறியதால் பணிவு குறையவில்லை.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை இங்கே நினைவுக்கு வராமலிருக்க முடியவில்லை. பாண்டியனின் ஏவல் வந்துவிட்டது. பொற்கொல்லன் பின்னிய பொய் அதன் அடியில் கிடக்கிறது. ஆனால் ஏவலைத் தாங்கி வந்தவர்கள் கோவலனின் தோற்றத்தைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவன் கள்வன் போல இல்லையே என்கிறார்கள். அந்தத் தயக்கத்தை உடைக்கப் பொற்கொல்லன் களவு நூல் முழுவதையும் விரித்துப் பேச வேண்டியிருக்கிறது. கடைசியில் கல்லாத ஒருவனின் வாள்தான் முந்திக்கொள்கிறது. அரசனின் பிழையான ஏவலுக்கும் கோவலனின் உயிருக்கும் இடையே இருந்தது அந்தச் சிறிய தயக்கம் ஒன்றே. எட்டு பைட் ஏவலைப் பெறும் கருவிக்கு அந்த அளவு தயக்கமும் கிடையாது.

இதன் விலை என்ன என்பது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு தெரிந்தது. மரூச்சி என்ற வட்டாரத்தில் கழிவுநீரை இறைக்க 142 நிலையங்கள் இருந்தன. எல்லாவற்றையும் வானொலி அலைகளின் மூலம் மையக் கணினிகளோடு இணைத்திருந்தார்கள். அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் பம்புகள் ஓட வேண்டிய நேரத்தில் ஓடவில்லை. அபாய அறிவிப்புகள் மையத்துக்கு வரவில்லை. புதிதாக நிறுவிய அமைப்பு என்பதால் முதலில் எல்லாரும் அமைப்பின் கோளாறு என்றே நினைத்தார்கள். மென்பொருளை மறுபடி நிறுவிப் பார்த்தார்கள். கோளாறு தீரவில்லை.

இதை ஆராய்ந்த பொறியாளர் செய்த காரியம், இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தவறான செய்திகள் 14-ஆம் எண் நிலையத்திலிருந்து வருவதாகப் பதிவேடு காட்டியது. நேரில் போய்ப் பார்த்தார். அந்த நிலையத்தில் ஒரு குறையும் இல்லை. உடனே அதன் அடையாள எண்ணை 14-இலிருந்து 3 என்று மாற்றிவிட்டார். இனி உண்மையான நிலையம் பேசினால் 3 என்று பேசும். 14 என்று சொல்லிக்கொண்டு யாராவது பேசினால் அது பொய்க்குரல். பொய்க்குரல் பேசியது. யாரோ ஒருவர் ஒரு நிலையமாக வேடமிட்டு மற்ற நிலையங்களை ஏவிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உறுதிப்பட்டது. எந்திரங்கள் பெயரை மட்டுமே கேட்டுப் பணிந்தன. பெயர் ஒரு எண். அதை எவரும் சொல்லலாம்.

ஏப்ரல் 23-ஆம் நாள் இரவு 4-ஆம் எண் நிலையத்தின் பெயரில் நான்கு நிலையங்களின் அபாய அறிவிப்புகள் முடக்கப்பட்டன. அன்றிரவே காவல்துறை ஒரு காரை மறித்தது. உள்ளே ஒரு மடிக்கணினி, ஒரு வானொலிக் கருவி. ஓட்டியவர் அந்த அமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர்; உள்ளாட்சி மன்றத்தில் வேலை கேட்டு மறுக்கப்பட்டவர். அதற்குள் ஏறத்தாழ எட்டு லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் ஒரு ஆடம்பர விடுதியின் வளாகத்திலும் பாய்ந்திருந்தது. ஓடைநீர் கறுத்து, நீர்வாழ் உயிர்கள் செத்து மிதந்தன. அவருக்கு இரண்டாண்டுச் சிறை கிடைத்தது. அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. எந்திரங்கள் அறிந்த மொழியில் அவற்றோடு பேசினார், அவ்வளவே.

மரூச்சியில் எந்திரங்களுக்குச் சேதமில்லை. ஏவலைக் கொண்டே ஒரு எந்திரத்தைக் கொல்ல முடியுமா என்ற கேள்விக்கு 2007 மார்ச்சில் அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகம் விடை கண்டது. சோதனைக்காக நிறுத்தியிருந்தது இரண்டேகால் மெகாவாட் டீசல் ஜெனரேட்டர். ஜெனரேட்டரை மின்கட்டமைப்போடு இணைக்கும்போது இரண்டின் அலைகளும் ஒத்திசைய வேண்டும் என்பது மின்பொறியியலின் அரிச்சுவடி. பிரேக்கரைத் திறந்து, இசைவு பிசகும் அளவுக்குக் காத்திருந்து, மறுபடி மூடும்படி தொலைவிலிருந்து ஏவினார்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பெரும் இரும்புடல் அதிர்ந்து குலுங்கியது. இணைப்பிலிருந்த ரப்பர்த் துண்டுகள் பிய்ந்து பறந்தன. சில நிமிடங்களில் புகை கக்கி நின்றுவிட்டது. அதன் காணொளி அந்த ஆண்டு செப்டம்பரில் தொலைக்காட்சியில் வெளியானது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஏவலை நிறைவேற்றியது ஜெனரேட்டரைக் காப்பதற்காகவே வைக்கப்பட்ட ரிலே. காவலுக்கு நிறுத்தியவனின் கையாலேயே கொலை.

2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட்டைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருப்பதால் விரைந்து கடக்கிறேன். ஈரானின் நதான்ஸில் யுரேனியத்தைச் செறிவூட்டிய மையவிலக்கு எந்திரங்களின் சுழல்வேகத்தை அது ரகசியமாக ஏற்றி இறக்கியது. இயக்குநர்களின் திரையில் எல்லாம் வழக்கம்போலவே தெரிந்துகொண்டிருந்தது. அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்தது என்று பரவலாகக் கருதப்படுகிறது. இரு அரசுகளும் வெளிப்படையாக ஏற்றதில்லை. ஆனால் அது தொலைவிலிருந்து நொடிக்கு நொடி ஏவியதல்ல. ஏவலையே எந்திரத்துக்குள் குடியேற்றிவிட்டுப் போய்விட்டது. நம் கதைக்கு அது சற்று விலகியே நிற்கிறது.

நம் கதை உச்சத்தை அடைந்த இடம் மேற்கு உக்ரைனில் இருக்கிறது. இவானோ பிரான்கிவ்ஸ்க் என்பது ஒரு எழுத்தாளரின் பெயரைத் தாங்கிய நகரம். 1962-இல், கவிஞரும் புனைகதையாசிரியருமான இவான் பிராங்கோவின் நினைவாக அதன் பழைய பெயரை மாற்றினார்கள். 2015 டிசம்பர் 23, பிற்பகல் மூன்றரை மணி. அந்த வட்டார மின்வினியோக நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் பணிநேரம் முடியும் தறுவாயில் இருந்த ஒரு ஊழியர், தன் திரையில் சுட்டி தானாக நகர்வதைக் கண்டார். அது ஒரு துணைமின் நிலையத்தின் பிரேக்கர் இருக்கும் படத்துக்குச் சென்றது. சொடுக்கியது. 'உறுதியாகச் செய்யவா' என்று பெட்டி ஒன்று கேட்டது. சுட்டி அந்தப் பெட்டிக்குச் சென்று, உறுதி என்று மறுபடி சொடுக்கியது. ஊழியர் மவுஸைப் பிடித்து இழுத்தார். அது அவருக்குக் கட்டுப்படவில்லை. அடுத்த பிரேக்கர், அதற்கடுத்தது. திடீரென்று கணினி அவரை வெளியேற்றியது. மறுபடி நுழைய முயன்றபோது அவருடைய கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது.

அந்த உறுதிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். தெரிவுசெய், ஒப்புவி, இயக்கு என்று முன்னோர்கள் அமைத்த அதே ஈரடுக்குக் காவல். அது தன் கடமையைப் பிசகாமல் செய்தது. கேட்டது, பதில் வந்தது, பணிந்தது.

அன்று ஒரே நேரத்தில் மூன்று மின்வினியோக நிறுவனங்கள் தாக்கப்பட்டன. ஏறத்தாழ 2,25,000 வாடிக்கையாளர்கள் இருளில் மூழ்கினார்கள். ஏற்பாடு பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தது. அலுவலகக் கணினிகளுக்கு மின்னஞ்சலில் வந்த ஆவணங்களை ஊழியர்கள் திறந்தார்கள். அதன் வழியே நுழைந்தவர்கள் பொறுமையாகக் கடவுச்சொற்களைச் சேகரித்து, ஊழியர்கள் தொலைவிலிருந்து வேலை பார்ப்பதற்காகத் திறந்துவைத்திருந்த அதே வாயிலின் வழியாகக் கட்டுப்பாட்டு வலையமைப்பை அடைந்தார்கள். தாக்குதல் நாளில் இரண்டு கட்டுப்பாட்டு மையங்களின் மாற்று மின்சாரத்தையும் நிறுத்தினார்கள். மற்றவர்களின் விளக்கை அணைத்தவர்களைத் தேட வேண்டியவர்களும் இருட்டில் இருந்தார்கள். வாடிக்கையாளர் புகார் சொல்லும் தொலைபேசிகளைப் போலி அழைப்புகளால் நிரப்பினார்கள். கடைசியாக, துணைமின் நிலையங்களில் வலையமைப்பின் செய்தியைக் கருவிகளின் மொழிக்கு மாற்றித்தரும் சிறு பெட்டிகள் உண்டு. அந்தத் துபாஷிகளின் உள்ளே பதிந்திருந்த அடிப்படை மென்பொருளை அழித்து அவற்றை ஊமையாக்கிவிட்டுப் போனார்கள். 2020 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை இத்தாக்குதலுக்காக ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த ஆறு பேர்மீது குற்றம்சாட்டியது.

மறு ஆண்டு டிசம்பர் 17 நள்ளிரவை ஒட்டிக் கீவ் நகரின் வடபகுதியிலுள்ள ஒரு பெரிய மின்தொடரமைப்பு நிலையம் வீழ்ந்தது. இம்முறை சுட்டி நகரவில்லை. மின்கட்டமைப்பின் வலைமொழிகளை நேரடியாகப் பேசக் கற்ற ஒரு மென்பொருளே பிரேக்கர்களைத் திறக்கச் சொல்லி ஏவியது. மனிதர் அனுப்பும் ஏவலுக்கும் அதன் ஏவலுக்கும் ஒரு பைட் அளவுகூட வேறுபாடு இல்லை. அந்த மொழிகளில் கையொப்பத்தையும் அடையாளச் சோதனையையும் சேர்க்கும் தரநிலைகள் 2007 முதலே வெளிவரத் தொடங்கிவிட்டன. மாட்பஸுக்கே 2018-இல் பாதுகாப்பான வடிவம் வந்தது. ஆனால் ஒரு துணைமின் நிலையக் கருவியின் ஆயுள் இருபது, முப்பது ஆண்டுகள். கைப்பேசியை மாற்றுவது போல அதை மாற்றிவிட முடியாது.

விளக்குகள் எப்படித் திரும்பின என்பதை இன்னும் சொல்லவில்லை. இவானோ பிரான்கிவ்ஸ்கின் பொறியாளர்கள் அழிந்த மென்பொருளைச் சீர்செய்து மின்சாரத்தை மீட்கவில்லை. தானியங்கிக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டு, ஆட்களை வண்டிகளில் ஏற்றித் துணைமின் நிலையங்களுக்கு அனுப்பினார்கள். பழைய சோவியத் காலக் கட்டமைப்பு அது. கையால் இயக்கும் வழி அழியாமல் இருந்தது, கையால் இயக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். முழுத் தானியங்கியாகிவிட்ட நாடுகளில் இவ்வளவு விரைவில் மீண்டிருக்க முடியாது என்று பின்னர் ஆராய்ந்த அமெரிக்க வல்லுநர்கள் கருதினார்கள். குளிர்கால இருட்டில் போய்ச் சேர்ந்தவர்கள் பிரேக்கரின் முன்னால் நின்று ஒவ்வொன்றாக மூடினார்கள். ஆறு மணி நேரத்துக்குள் எல்லா ஊர்களிலும் மின்சாரம் வந்துவிட்டது. பதினாறு துணைமின் நிலையங்களில் ஊமையாக்கப்பட்ட பெட்டிகள் இரண்டு மாதங்கள் கழித்தும் தொலைவிலிருந்து வந்த எந்த ஏவலையும் ஏற்கவில்லை. அங்கெல்லாம் பிரேக்கரைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் ஊழியர்கள் நேரில் போய்க்கொண்டிருந்தார்கள்.